கொட்டகையை மூடாதே

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. சிலிம் ரிவருக்கு அப்பால் திறந்திருக்கும் புதுத் தோட்டத்தில் உன்னை ஆட்களை மேற்பார்க்கும் மண்டோராக வைத்துக்கொண்டார்கள் என்றும், மருமகளையும் குழந்தை வள்ளியையும் அழைத்துக்கொண்டு போய் லயத்தில் குடியேறிவிட்டாய் என்றும் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்ற இடத்தை மட்டும் மறுபடியும் படிக்கச் சொன்னாள். நாங்கள் குனோங் ராபாட்டில் அதே வீட்டில்தான் இருக்கிறோம். இரண்டு மாடுகளில் ஒன்று கன்று போட்டிருக்கிறது. என் இருமல் போன வருஷத்தைவிடக் கூடியிருக்கிறது. குறையும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தை அவளுக்கு நான் படிக்கவில்லை. வெட்டிச் சாய்த்த காடு காய்ந்து கிடக்கிறது, நல்ல வெயில் பிடித்ததும் துரை நெருப்பு வைக்கச் சொல்லுவார், அதற்குள் வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளை வைக்க ஸ்டோருக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை போடும் பொறுப்பு உன்னிடம் வந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். மருமகள் களை எடுக்கப் போவதால் வள்ளியும் பகலில் அங்கேதான் இருப்பாள் என்றும் எழுதியிருந்தாய். புகை நுழையாதபடி நாலு பக்கமும் பலகை அடித்து, இடுக்கெல்லாம் சாக்குத் திணித்து மூடப் போகிறேன், நம் செல்லம்மாவுக்கு நடந்தது இங்கே நடக்காது, தூங்காத ஆயாவாகப் பார்த்து வைப்பேன் என்று சொல்லிவிட்டு, புகையைப் பற்றி உங்களைவிடத் தெரிந்தவர் யார் அப்பா, வேறு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தாய். இரண்டு நாளாக அந்தப் பக்கத்தை மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ கேட்டதற்குப் பதில் எழுத வேண்டுமென்றால், ஏழு வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒன்றை முதலில் எழுத வேண்டியிருக்கிறது.

உன் தங்கை செல்லம்மா செத்தபோது நீ ஈப்போவில் உன் அத்தை வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். உனக்குப் பதினான்கு வயது. நீ வந்து சேர்ந்தபோது மண் போட்டாகிவிட்டது. ஆயா இருளாயி பிள்ளைகளை உள்ளே போட்டு அடைத்துவிட்டுத் தூங்கிவிட்டாள், அதனால்தான் போச்சு என்று லயத்தில் எல்லோரும் சொன்னார்கள். நீயும் அதை நம்பினாய். நம்பாமல் இருக்க உனக்குக் காரணம் இல்லை. நானே அப்படிச் சொல்ல விட்டுவிட்டேன்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். அப்போது நாம் இருந்த தோட்டத்தில் நான் புகைக் கொட்டகையில் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். உறைந்த ரப்பர்ப் பாலைத் தகடாக இழுத்து, கம்புகளில் வரிசையாகத் தொங்கவிட்டு, கீழே இரவும் பகலும் விறகைப் புகைய வைத்துக் காயவைப்போம். பன்னிரண்டு வருஷம் அந்தப் புகைக்குள் போய் வந்தேன். நீ பிறந்த காலத்தில் பிள்ளைக் கொட்டகை என்று ஒன்று கிடையாது. உன் அம்மா பால் வெட்டும் இடத்திலேயே இரண்டு மரங்களுக்கு நடுவில் சேலையைக் கட்டி உன்னைப் போட்டிருப்பாள். எறும்பு கடிக்கும், கொசு கடிக்கும், ஒரு நாள் தொட்டிலுக்குக் கீழே பாம்பு கிடந்தது என்று பதறிக்கொண்டு வந்தாள். ஆனால் நிழல் இருந்தது, காற்று இருந்தது, அவள் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நீ இருந்தாய். பிறகு சட்டம் வந்துவிட்டது, பிள்ளைகளுக்குத் தனி இடம் வேண்டும் என்றார்கள். துரை எங்கள் புகைக் கொட்டகையின் பக்கச் சுவரையே ஒரு சுவராக வைத்து, மேலே தகரம் போட்டு ஒரு கொட்டகை கட்டினார். ஒரு சுவர்ப் பலகை மிச்சம் என்று கட்டும்போதே பேசிக்கொண்டார்கள். மற்ற மூன்று பக்கமும் இடுப்பளவு பலகை, அதற்கு மேலே திறப்பு. நடந்து பழகாத பிள்ளையும் ஓடித் திரிகிற பிள்ளையுமாக ஒன்பது பேர். பார்த்துக்கொள்ள இருளாயி ஒருத்தி. புருஷனும் இல்லை, பெற்ற பிள்ளையும் இல்லை. நாற்பது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டாள். அழுகிற பிள்ளை அவள் தோளில் ஏறினால் அடங்கிவிடும்.

அந்த வருஷம் தை கடைசியில் மழை நின்றது. மேட்டுக்கு அந்தப் பக்கம் புதுக்காடு எரித்தார்கள். முதல் நாள் மத்தியானம் வைத்த நெருப்பு பன்னிரண்டு நாள் புகைந்தது. பெரிய மரங்கள் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருந்தன. சூரியன் குங்குமப் பொட்டு மாதிரி மங்கலாகத் தெரியும், ஆனால் வெக்கை மட்டும் குறையாது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்கும்போதே சட்டை நனைந்துவிடும். ஒரு பக்கம் அந்தப் புகை, இன்னொரு பக்கம் எங்கள் கொட்டகைப் புகை. செல்லம்மா ஐந்தாம் நாளிலிருந்து இருமத் தொடங்கினாள். ஒன்றரை வயதுப் பிள்ளை இருமும்போது விலா எலும்பு உள்ளே போய் வருவது தெரியும். நீங்க அங்கேதானே வேலை பாக்குறீங்க, பிள்ளை உங்க கண்ணு முன்னாடி புகை திங்குது, ஏதாச்சும் செய்யக்கூடாதா என்று உன் அம்மா ராத்திரி முழுக்கக் கேட்டாள். நான் மறுநாள் பெரிய கங்காணியிடம் போய், புகை அடங்குகிற வரைக்கும் பிள்ளைகளை ஆற்றுப் பக்கம் பழைய மாட்டுக் கொட்டகையில் வைக்கலாமா என்று கேட்டேன். ஆற்றுப் பக்கம் போனால் பெண்கள் பால் கொடுக்க நடந்து போய் வருவதில் அரை நாள் போய்விடும், துரை ஒத்துக்கொள்ளமாட்டார் என்றார். இன்னும் ஒரு தடவை அழுத்திக் கேட்டிருக்கலாம். துரையிடமே போயிருக்கலாம். அவர் பங்களா வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

அன்று சாயங்காலம், தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, ஸ்டோரிலிருந்து பழைய சாக்குகளை எடுத்து வந்து மூன்று பக்கத் திறப்பையும் மூடி ஆணி அடித்தேன். ஒரு விரல் நுழையாதபடி நெருக்கி அடித்தேன். வேலை நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு பெருமைகூட இருந்தது. இருளாயி தரையைக் கூட்டிக்கொண்டிருந்தவள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"அண்ணே, தகரம் காலையிலயே கொதிக்குது. காத்து வராட்டி பிள்ளைங்க வெந்து போயிருங்க. ஒரு பக்கமாச்சும் விடுங்க," என்றாள்.

"புகையிலயே கிடக்குறவன் நான். புகையைப் பத்தி எனக்கு நீ சொல்லித் தராதே. சாக்கு ஒண்ணு அவிழ்ந்திருந்தாலும் கங்காணிகிட்டச் சொல்லிருவேன்," என்றேன்.

அவள் திரும்பிப் போய்த் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள். அந்த ஒரு மிரட்டல்தான், மகனே, உன் தங்கையைக் கொன்றது. புகையை நான் தடுத்துவிட்டேன், அது உண்மை. மறுநாள் காலையில் செல்லம்மா குறைவாக இருமினாள் என்று உன் அம்மா சந்தோஷப்பட்டுக்கொண்டே அவளை விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். சாக்கு அடித்தது நான்தான் என்று நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. பத்து மணிக்கு மேல் அந்த இடம் இட்லிப் பானை மாதிரி ஆகிவிட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் சுவருக்கு இந்தப் பக்கம் விறகு தள்ளிக்கொண்டிருந்தேன். அந்தச் சுவரின் சூடும் அவர்கள் பக்கம்தான் போயிற்று. பிள்ளைகள் அழுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. தூங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். தூங்கினது இருளாயி இல்லை. என் புத்திதான்.

பிறகு துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டு வெளியே வந்தேன். இருளாயி வெறும் கையால் சாக்கைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். ஆணி கிழித்து முழங்கை வரைக்கும் ரத்தம். இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு ஓடினாள், திரும்பி வந்தாள், மறுபடி ஓடினாள். நானும் தூக்கினேன். எட்டுப் பிள்ளைகளை ஓடைத் தண்ணீரும் நிழலும் பிழைக்க வைத்தன. அதில் மூன்று பேர் கண் திறக்கவே வெகுநேரம் ஆயிற்று. செல்லம்மாவின் உடம்பு அடுப்பிலிருந்து எடுத்த கல் மாதிரி இருந்தது. வியர்வை இல்லை, கண்ணீர் இல்லை. நனைந்த துணியைச் சுற்றினோம், அது சூடாகி வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் வந்து பார்த்துவிட்டு, காற்று இல்லாமல் சூட்டில் போயிருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

துரை வந்தார். சாக்கை யார் அடித்தது என்று ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி கேட்டார். எல்லோரும் இருளாயியைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். உன் அம்மா அப்போதுதான் காட்டிலிருந்து ஓடி வந்து பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான்தான் அடித்தேன் என்று அவள் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது. அந்தப் பயம் இல்லை என்று சொன்னால் பொய். இருளாயி தலையைக் குனிந்துகொண்டாள். வெளிச்சம் வராமல் தூங்குவதற்காக ஸ்டோர் சாக்கைத் திருடி அடித்தாள் என்று கிராணி எழுதிக்கொண்டார். அவளை அந்த வாரமே தோட்டத்தை விட்டு அனுப்பினார்கள். துணி மூட்டையோடு அவள் லயத்தைத் தாண்டிப் போகும்போது உன் அம்மா மண்ணை வாரி அவள் முகத்தில் எறிந்து சபித்தாள். கூட நின்ற பெண்களும் எறிந்தார்கள். அவள் காப்பாற்றின பிள்ளைகளின் தாய்மார்களும் அதில் இருந்தார்கள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் சிம்பாங் பூலாய் பக்கம் கல் உடைக்கிற இடத்தில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, வீடுகளுக்குப் பால் ஊற்றிவிட்டு வருவதாக உன் அம்மாவிடம் சொல்லிப் போய்ப் பார்த்தேன். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, புருவமெல்லாம் சுண்ணாம்புத் தூள் படிந்து, கல்லை உடைத்துக்கொண்டிருந்தாள். என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டாள். துரையிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அந்தத் துரை ஊருக்குப் போயே நாலு வருஷமாச்சு அண்ணே என்றாள். வேறு என்ன செய்யட்டும் என்று கேட்டேன். சுத்தியலைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "அதுக்கப்புறம் எந்த ஊருலயும் யாரும் என் கையில பிள்ளை குடுக்கலை. அதை உங்களால திருப்பித் தர முடியாது. போங்க அண்ணே, வெயிலு ஏறுது." நான் வந்துவிட்டேன்.

இதைப் படித்த பிறகும் நீ என்னிடம் யோசனை கேட்பாயா என்று தெரியவில்லை. கேட்காவிட்டாலும் எழுதுகிறேன். கொட்டகையை மூடாதே. காற்று வருகிற பக்கத்தை ஒருபோதும் மூடாதே. தகரம்தான் கொடுப்பார்கள் என்றால் அதன் மேல் அத்தாப்பு ஓலையைத் தடிமனாகப் போடு, காலையிலும் மத்தியானத்திலும் தண்ணீர் ஊற்றச் சொல். ஸ்டோருக்குப் பக்கத்தில் வேண்டாம், புகைக் கொட்டகை கட்டப் போகிற இடத்துக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். மரம் நிற்கிற இடமாக, தண்ணீர் கிட்டே இருக்கிற இடமாகக் கேள். மூடினால் வெக்கை கொல்லும், திறந்தால் புகை கொல்லும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது என்று நினைத்துத்தான் நான் சாக்கு அடித்தேன். அப்படி ஒரு வழி இல்லை. பிள்ளைகளை அந்த இடத்தை விட்டுக் கொண்டுபோவது ஒன்றுதான் வழி. நெருப்பு வைக்கிற அன்றைக்கும் அதற்கடுத்த நாட்களிலும் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கம் தூரமாக, நிழலில் வைத்திருக்கச் சொல். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரும் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரும் கேட்காவிட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பால் குடிக்கிற பிள்ளைக்குத் தாய் அடிக்கடி வந்து பால் கொடுக்க விட வேண்டும். அழுகிற பிள்ளையைப் பற்றி அவ்வளவு பயப்படாதே. அழுகையை நிறுத்திவிட்டுத் துவண்டு படுக்கிற பிள்ளையை, மூத்திரம் போகாத பிள்ளையை, தொட்டால் சுடுகிற பிள்ளையைப் பார். உடனே வெளியே தூக்கி, துணியைக் கழற்றி, உடம்பை நனைத்து விசிறி, டிரஸருக்கு ஆள் அனுப்பு. ஆயா சொல்வதைக் கேள். பிள்ளைகளோடு அந்தக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறவள் அவள்தான்.

இதில் எதையும் துரை ஒத்துக்கொள்வார் என்று நான் நினைக்கவில்லை. ரப்பர் விலை இருக்கிற இருப்பில், பெண்கள் அரை நாள் நடந்துபோய்ப் பால் கொடுப்பதை எந்தத் துரையும் பொறுக்கமாட்டார். காற்று பார்த்து நெருப்பு வைக்கிறேன் என்பார்கள், வைத்த பிறகு காற்று மாறும். நீ புது மண்டோர், ஒரு தடவைக்கு மேல் கேட்டால் உன்னையே அனுப்பிவிடுவார்கள், அந்த இடத்துக்கு வருகிறவன் ஒரு தடவைகூடக் கேட்கமாட்டான். இவ்வளவும் தெரிந்துதான் எழுதுகிறேன். வள்ளியையாவது இங்கே அனுப்பிவிடு என்று எழுதத்தான் மனம் சொல்கிறது. ஆனால் வீட்டுக்குப் பின்னால் மலையடியில் சுண்ணாம்புச் சூளை போட்டிருக்கிறார்கள். சாயங்காலமானால் புகை மலையில் முட்டிக்கொண்டு எங்கள் தெருவிலேயே நின்றுவிடுகிறது. நான் இருமுகிற வீட்டில் அந்தப் பிள்ளையும் இருமும். எங்கே அனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை, மகனே.

மேலே உள்ளதை எழுதி மூன்று நாளாகிவிட்டது. முடித்துக் கையெழுத்துப் போடுகிற சமயத்தில் உன் அம்மா வந்து, என்ன இவ்வளவு நேரம் எழுதுறீங்க, பிள்ளைக்கு என்ன சொல்லியிருக்கீங்க, படிங்க என்று எதிரில் உட்கார்ந்துவிட்டாள். வேறு எதையாவது படிப்பதுபோல் சொல்லிவிடலாம் என்றுதான் வாயெடுத்தேன். முடியவில்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் படித்தேன். மண்ணை வாரி எறிந்த இடம் வந்தபோது அவள் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் பால் கறந்து கொடுத்துவிட்டு, எங்கே என்று சொல்லாமல் போய்விட்டாள். பொழுது சாய்ந்துதான் வந்தாள். சிம்பாங் பூலாய்க்குப் போய்வந்திருக்கிறாள். இருளாயி இருந்த குடிசையில் வேறு குடும்பம் இருக்கிறதாம். மழைக்காலத்தில் நெஞ்சு அடைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள், திரும்பி வரவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லியிருக்கிறாள். எங்கே புதைத்தார்கள் என்று கேட்டதற்கு யாருக்கும் தெரியவில்லை.

அன்றிலிருந்து உன் அம்மா என்னோடு பேசவில்லை. சோறு வைக்கிறாள், இருமல் கஷாயம் வைக்கிறாள், முகத்தைப் பார்ப்பதில்லை. இன்று காலையில்தான் கிட்டே வந்து நின்றாள். "அந்தப் பொம்பளை தூங்கலைன்னு பையனுக்கு எழுதுங்க," என்றாள். எழுதியிருக்கிறேன், படித்துக் காட்டினபோது நீயே கேட்டாயே என்று அவளிடம் சொன்னேன். "மறுபடியும் எழுதுங்க. நான் சொன்னேன்னு எழுதுங்க. மண்ணு போட்டவ சொன்னான்னு எழுதுங்க," என்றாள். அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன். தபாலாபீசுக்கு என்னை நம்பிக் கொடுத்தனுப்ப அவளுக்கு மனமில்லை. சேலையை மாற்றிக்கொண்டு, கடிதத்தைக் கொடுங்கள் என்று கையை நீட்டியபடி வாசலில் நிற்கிறாள்.

உன் அப்பா